துவக்குப் பிடியில் எழுதியிருந்தது

பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா தன் வீட்டை விட்டு முதியோர் இல்லத்துக்குப் போன அந்த வாரம் எனக்கு ஒரு பொருளைத் தந்துவிட்டுப் போனார். தந்தார் என்றால் கையில் எடுத்துத் தரவில்லை. தொண்ணூறு தாண்டியவர், கண் பார்வை முக்கால்வாசி போய்விட்டது, படி இறங்கமாட்டார். "கீழே பேஸ்மன்றில் சூடாக்கிக்குப் பின்னால் சாம்பல் நிறக் கம்பளியில் சுற்றி ஒன்று இருக்கிறது. என் அண்ணனுடையது. என் கணவரின் தம்பி மகன் கண்டால் அன்றைக்கே விற்றுவிடுவான். நீ கொண்டுபோய் வைத்திரு. என்னவென்று பிறகு சொல்கிறேன்" என்றார்.

அவருக்கும் எங்களுக்கும் இருபத்திரண்டு வருடப் பழக்கம். இங்கே கனடாவில், மில்லிக்கனில் நாங்கள் வீடு வாங்கி வந்த நாள் அந்தத் தெருவில் முதலில் கை காட்டியவர் அவர்தான். பனிக்காலத்தில் அவர் வாசலில் பனி தள்ளுவது என் கணவரின் வேலை, கிழமைக்கு ஒரு தடவை இறைச்சி றோல்ஸ் பொரித்துக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. உறைப்பு, உறைப்பு என்று கண்ணீர் விட்டுக்கொண்டே இரண்டாவதையும் எடுப்பார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் இறந்து பதினைந்து வருடமாகிறது.

என்ன பொருள் என்று நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். சொல்லியிருந்தால் நான் அதைத் தொட்டிருக்கமாட்டேன். இது அவருக்கும் தெரிந்திருந்தது என்பது பின்னால்தான் எனக்கு விளங்கியது. கம்பளிப் பொதியின் நீளத்தைப் பார்த்து நான் ஏதோ தூண்டில் தடி என்று நினைத்தேன். தூண்டில் தடி இவ்வளவு பாரமா என்று யோசிக்கிற புத்தி எனக்கு வரவில்லை. பட்டப்பகலில் அதைத் தோளில் சாத்திக்கொண்டு புல்லுக்கு மேலால் நடந்து வந்தேன். எதிர்வீட்டுச் சீனர் கை காட்டினார், நானும் காட்டினேன்.

சமையலறை மேசையில் வைத்துக் கம்பளியை விரித்தேன். உள்ளே துவக்கு. மரப்பிடியும் இரும்புக் குழலுமாக ஒரு பழைய நீளத் துப்பாக்கி.

பிறகு நான் செய்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும், சிரிக்க மனம் இருந்தால். யன்னல் சீலைகளை எல்லாம் இழுத்து மூடினேன். ரேடியோவை நிறுத்தினேன். கதவைப் பூட்டி, பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். யாரும் என்னைத் துரத்தவில்லை. வெளியே நல்ல வெயில், யாரோ புல் வெட்டுகிற சத்தம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எனக்கு அன்றைக்கு வெளிச்சமும் பேயாகத்தான் தெரிந்தது.

துவக்கைத் திருப்பியபோது பிடியின் இடது பக்கத்தில் எழுத்துகள் கண்ணில் பட்டன. கூரான எதனாலோ மரத்தில் கீறி எழுதியது, மூன்று நாலு வரி. அதோடு எனக்குள் இருந்த பதினாலு வயதுப் பெட்டை எழும்பிவிட்டாள். சண்டைக் காலத்தில் எங்கள் ஊரில் துவக்கால் செத்தவர்கள் ஒரு பக்கம் என்றால் எழுத்தால் செத்தவர்கள் இன்னொரு பக்கம். படத்தின் பின்பக்கம் எழுதிய பேர், கொப்பியின் மூலையில் கிறுக்கிய முகவரி, சைக்கிள் சட்டத்தில் பொறித்த இரண்டு எழுத்து, இவற்றால் போனவர்களை எனக்குத் தெரியும். ஆமி துவக்கைத் தேடி வரும், பேரை எடுத்துக்கொண்டு போகும். ஆகவே வீட்டில் ஆபத்து என்றால் முதல் வேலை பேரை அழிப்பது. இதை ஒருவரும் எங்களுக்குப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. பல் விளக்கப் பழகியது போலப் பழகிக்கொண்டோம்.

என் கணவர் அலுமாரி திருத்த வாங்கிய சாண்ட்பேப்பர் கராஜில் கிடந்தது. முதலில் கரடுமுரடானதால் தேய்த்தேன், பிறகு மெல்லியதால் தேய்த்தேன். நான் முப்பது வருடமாக ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறவள். சத்திரசிகிச்சை அறையில் ஒரு பொட்டுக் கறை மிஞ்சினாலும் மற்றவர்களைப் பிடித்து ஏசுகிறவள். அந்தக் கை எதையாவது அரைகுறையாக விடுமா? இரண்டு மணி நேரம் தேய்த்தேன். முடிந்தபோது அந்த இடம் மழுமழு என்று இருந்தது. மரத்தூளை ஈரத் துணியால் துடைத்து எடுத்து, துணியையும் தோய்த்துக் காயப் போட்டேன்.

முன்பும் ஒரு தடவை இதே வேலையைச் செய்திருக்கிறேன். என் அண்ணா ஆமியோடு சண்டை பிடிக்க இயக்கத்துக்குப் போய் நாலு மாதமாகியிருந்தது. ஆமியின் சுற்றிவளைப்பு வரப்போகிறது என்று ஒழுங்கைக்குள் கதை வந்தது. அப்பா கடையில் இருந்தார், அம்மா சந்தைக்குப் போயிருந்தார். அம்மா சொல்லித்தான் செய்தேன் என்று இத்தனை வருடமும் ஆட்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். பொய். ஒருவரும் சொல்லவில்லை. அல்பத்திலிருந்து அண்ணாவின் படங்கள் அத்தனையையும் உரித்து அடுப்பில் போட்டேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சேர்ந்து எடுத்த படம், அடையாள அட்டைக்கு எடுத்ததில் மிஞ்சிய இரண்டு, என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் நிற்கிற ஒன்று. அவருடைய கொப்பிகளையும் போட்டேன். படிக்கிற மேசையில் கவராயத்தால் தன் பேரைச் செதுக்கியிருந்தார், அதைப் போத்தல் துண்டால் சுரண்டினேன். அடுத்த நாள் ஆமி வந்தது. கோழிக்கூட்டைக் கிளறினார்கள், கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள், போய்விட்டார்கள். அலுமாரியைத் திறக்கவே இல்லை.

அண்ணா திரும்பி வரவில்லை. எங்கே, எப்போது என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. அம்மா கனடாவுக்கு வந்து எங்களோடு எட்டு வருடம் இருந்துவிட்டுக் கண்ணை மூடினார். அந்த எட்டு வருடத்தில் ஒரு நாளும் என்னை ஏசவில்லை. ஒரே ஒரு தடவை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது, என் முகத்தைப் பாராமல், "ஒண்டையெண்டாலும் விட்டிருக்கலாம், பிள்ளை" என்றார். இப்போது அண்ணாவை நினைக்கப் பார்த்தால் மூக்கு வருகிறது, காது வருகிறது, நடை வருகிறது, முகம் வருவதில்லை. இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் கணவர் நெடுந்தூர லொறி ஓட்டுகிறவர். மூன்றாம் நாள்தான் வீட்டுக்கு வந்தார். கட்டிலுக்குக் கீழே இருந்ததை இழுத்துக் காட்டினேன்.

"இஞ்சேரும், உமக்கென்ன விசரே? உதை ஏன் வீட்டுக்குள்ள கொண்டு வந்தனீர்?"

"தூண்டில் தடி எண்டு நினைச்சன்."

"ஓம், ஓம். உதால சுட்டுத்தான் மீன் பிடிக்கிறவை."

பகிடி விட்டாரே தவிர அவருக்கும் முகம் வெளிறிவிட்டது. உடனே விட்பியில் இருக்கும் தன் சிநேகிதருக்கு ரெலிபோன் எடுத்தார். அவர் மன்னாரைச் சேர்ந்தவர், இவரோடு ஒரே கொம்பனியில் லொறி ஓட்டுகிறார். எங்களுக்குத் தெரிந்த தமிழர்களில் லைசன்ஸ் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறாத மனிதர், மான் காலம் வந்தால் மட்டும் பூசையும் தவறும். நாங்கள் அவரை மன்னார் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். அவர் வந்து, துவக்கில் குண்டு இல்லை என்று முதலில் பார்த்துவிட்டு, எங்களை இருத்திச் சொன்னார்.

"லைசன்ஸ் இல்லாமல் இது ஒரு நாளும் உங்கட வீட்டில இருக்கக் கூடாது, தங்கச்சி. பொலிசுக்கு நானே அடிச்சுச் சொல்லுறன். நீங்கள் ஒண்டும் களவெடுக்கேல்லை. பயப்பிடாதையுங்கோ."

பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா? பொலிஸ் வருவதற்குள் ஒரு பையில் பிரஷர் குளிசை, மாற்றுச் சட்டை, பற்பசை எல்லாம் அடுக்கி வாசலில் வைத்துவிட்டேன். வந்த இரண்டு பொலிஸ்காரரும் சப்பாத்தைக் கழற்றட்டுமா என்று கேட்டார்கள். துவக்கைப் பார்த்தார்கள், பக்கத்து வீட்டு அம்மாவின் கணவருடைய தம்பி மகனோடு பேசினார்கள். ஒரு தொல்லை குறைந்தது என்று, துவக்கை விட்டுக்கொடுக்க அவர் கையெழுத்து வைக்கச் சம்மதித்தார். மன்னார் அண்ணையின் லைசன்ஸில் அதை வைத்திருக்கலாம், ஆனால் எந்த நாட்டுத் துவக்கு, என்ன வகை, என்ன இலக்கம் என்று சரியாகப் பார்த்துப் பதிய வேண்டும் என்றார்கள். துவக்கு விட்பிக்குப் போனது. தேய்த்த இடத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நானும் மூச்சு விட்டேன்.

அடுத்த ஞாயிறு றோல்ஸ் எடுத்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனேன். யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். துவக்கு பத்திரமாக ஒருவரிடம் இருக்கிறது என்று சொன்னதும் தோள் குலுங்கச் சிரித்தார்.

"பயந்துவிட்டாயா?"

"செத்துப் பிழைத்தேன்."

"அதனால்தான் சொல்லவில்லை" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அண்ணனைப் பற்றிச் சொன்னார். இரண்டாம் உலகப் போரின் கடைசி வருடத்தில் அவன் கனடா ஆமியோடு ஐரோப்பாவில் இருந்தான். இருபது வயது. இவருக்குப் பதினொன்று. சண்டை முடிந்துவிட்டது என்று வீட்டில் கேக் வெட்டியிருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் லொறி புரண்டு அவன் இறந்துபோனான். அவன் நினைவுக்கென்று எடுத்து வைத்திருந்த துவக்கை அவனுடைய சிநேகிதன் கொண்டுவந்து வீட்டில் கொடுத்திருக்கிறான். யாரைச் சுட்டு எடுத்ததோ என்று தாய் அதை வீட்டுக்குள் எடுக்க விடவில்லை, பின்வளவுக் கொட்டிலில் கிடந்ததை இவர்தான் போய்ப் போய்ப் பார்ப்பாராம். தாய் தகப்பன் காலத்துக்குப் பிறகு அது இவரிடம் வந்தது.

"அதன் பிடியில் அவன் எனக்கு எழுதியிருக்கிறான்" என்றார். "இடது பக்கம். ஆணியால் எழுதினது. அவன் கடிதம் எழுதுகிறவன் இல்லை. எனக்கென்று அவன் எழுதியது உலகத்தில் அது ஒன்றுதான். நீ எனக்கு ஒரு உதவி செய். மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து அப்படியே தாளில் வரும். சிறுபிள்ளைகள் நாணயத்தில் செய்வார்களே. தடிப்பான பென்சிலால், கறுப்பாகத் தேய். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் தெரியும்."

நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கொண்டு வருகிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்து இரண்டு தடவை தட்டினார். காருக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு அழுதேன். என்னையே நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டேன், கேட்டு என்ன பயன்? தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான்.

சனிக்கிழமை நானும் கணவரும் விட்பிக்குப் போனோம். எதையாவது மீட்கலாமா என்ற ஒரே நினைப்போடு போனேன். மன்னார் அண்ணை பேஸ்மன்றில் நீள மேசை போட்டு, பழைய போர்வை விரித்து, துவக்கை வைத்துக்கொண்டு இருந்தார். கையில் பூதக்கண்ணாடி, பக்கத்தில் ஒரு தடித்த புத்தகம்.

"எல்லாம் பார்த்திட்டன், வாங்கோ" என்று ஆசையாகக் காட்டத் தொடங்கினார். மேல்பக்க இரும்பில் பொறித்திருந்த சிறிய எழுத்துகள் தொழிற்சாலையின் குறி. எதிரி பிடித்தாலும் எங்கே செய்தது என்று தெரியக் கூடாது என்பதற்காகப் பேரைப் போடாமல் குறியைப் போடுவார்களாம். பக்கத்தில் இருந்த இரண்டு இலக்கம் செய்த வருடம். அங்கங்கே நெல்லுமணி அளவில் கழுகு முத்திரைகள் இருந்தன, அவை பரிசோதித்தவர்களுடையவை. பிடியின் நடுவில் இரும்பு வளையம் பதித்த ஒரு துளை, அதற்குப் பக்கத்தில் தோள்வார் கொழுவ வெட்டிய பள்ளம். மரம்கூட ஒரே மரமில்லை, மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அழுத்தியது. சண்டைக் காலத்தில் நல்ல மரத்துக்குத் தட்டுப்பாடு என்றார். ஜெர்மன் ஆமியின் மவுசர், அதில் ஒரு சந்தேகமும் இல்லை என்றார்.

"இன்னொரு விசயம் பாருங்கோ" என்று குண்டை உள்ளே தள்ளுகிற இரும்புத் தண்டைக் கழற்றிக் கையில் வைத்தார். "துவக்கில இருக்கிற இலக்கம் ஒண்டு, இந்தத் தண்டில வேற இலக்கம். சரணடைஞ்ச ஆக்களிட்டத் துவக்கு வாங்கேக்க தண்டுகளைக் கழட்டி வேற குவியலாப் போடுவினம், திருப்பிச் சுடாமல் இருக்க. பிறகு ஞாபகத்துக்கு ஒண்டு வேணுமெண்டு எடுக்கிறவன் ரெண்டு குவியலிலயும் கையில அம்பிட்டதை எடுத்துப் பூட்டுவான். அநேகமா இதுவும் அப்பிடி வந்ததுதான். ஆரையும் சுட்டுப்போட்டு எடுத்ததில்லை."

எனக்கு நெஞ்சில் கொஞ்சம் காற்று வந்தது. எண்பது வருடத்துக்கு முன்னால் அந்தத் தாய் வாசலில் நிறுத்திய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. வெறுங்கையோடு போகத் தேவையில்லை, இதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் அண்ணை பிடியை என் பக்கம் திருப்பினார்.

"இதுதான் விளங்கேல்லை. இதில ஆரோ புதுசாத் தேய்ச்சிருக்கினம்."

கணவர் சுவரைப் பார்த்தார்.

"நான்தான் அண்ணை" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா கேட்டதையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

"இதைப்போல லட்சக்கணக்கில செய்து விட்டவங்கள், தங்கச்சி" என்றார். "தொழிற்சாலை, வருசம், இலக்கம் எல்லாம் நான் சொல்லுவன். இது அந்தப் பெடியன்ர துவக்கெண்டு சொல்லுறதுக்கு அந்த எழுத்து ஒண்டுதான் இருந்தது."

கீறின இடத்தில் மரம் உள்ளே நசுங்கியிருக்கும், ஈரத் துணி வைத்துச் சூடு காட்டினால் நசுங்கியது எழும்பும், சிலவேளை எழுத்தின் தடம் தெரியும் என்றார். மேலே போய் மனைவியின் இஸ்திரிப்பெட்டியை எடுத்து வந்தார். ஈரத் துணியைப் போட்டு அமர்த்தினார், ஆவி பறந்தது. லைற்றை அணைத்துவிட்டு ரோர்ச்சைச் சரித்துப் பிடித்தார். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். ஒரு நேர்கோடு எழும்பி வந்தது. அதற்குப் பக்கத்தில் ஓர் அரைவட்டம். அண்ணை மறுபடியும் மறுபடியும் துணியை நனைத்து வைத்தார். வேறு ஒன்றும் வரவில்லை.

"ஆழமாத் தேய்ச்சிட்டீங்கள்" என்றார். "பரவாயில்லை. என்ன எழுதியிருந்ததெண்டு ஞாபகமிருந்தாச் சொல்லுங்கோ, நான் ஒரு தாளில எழுதி வைக்கிறன்."

"வாசிக்கேல்லை, அண்ணை."

"ஒரு சொல்லும்?"

"ஒண்டும் வாசிக்கேல்லை."

எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாமலில்லை. எழுத்து இருக்கிறது என்று கண்டேன், என்ன எழுத்து என்று பார்க்கவில்லை. அண்ணாவின் கொப்பிகளையும் அப்படித்தான் திறந்து பாராமல் நெருப்பில் போட்டேன். அதற்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் நெரிசல். கணவர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு இருந்துவிட்டுச் சொன்னார்.

"இஞ்சேரும், அவவுக்குக் கண் தெரியாது. ஒரு பலகையில ஆணியால ஏதாவது கீறிப்போட்டு, பென்சிலால தேய்ச்சுக் கொண்டுபோய்க் குடும். சந்தோசமா வைச்சுத் தடவிக்கொண்டிருப்பா."

"என்னத்தைக் கீற?"

"அன்புத் தங்கச்சிக்கு எண்டு கீறும். தமையன்காரன் வேற என்னத்தை எழுதப்போறான்?"

"என்ர அண்ணான்ர படம் எண்டு சொல்லி ஆற்றையோ படத்தை ஆரும் கொண்டுவந்து தந்தா, நான் சுவரில மாட்டுவனோ?"

பாவம், அவர் எனக்காகத்தான் சொன்னார். என் வாய்க்கு அவர் அகப்பட்டதுதான் குற்றம். நான் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டேன். எழுத்துப் போனாலும் அந்த வசனம் போகவில்லை, அது அந்த அம்மாவின் மனதுக்குள் பாடமாக இருக்கும். பதினொரு வயதில் வாசித்தது மறக்குமா? கண்ணால் ஒரு தடவை பார்க்கத்தான் கேட்டிருக்கிறார், வசனம் அவரிடம் பத்திரமாக இருக்கிறது. அன்றிரவு அந்த நினைப்பில்தான் எனக்குக் கொஞ்சம் கண் அயர்ந்தது.

ஞாயிறு போனேன். றோல்ஸ் கொண்டுபோகவில்லை, கொண்டுபோனால் லஞ்சம் கொடுப்பது போல இருக்கும் என்று தோன்றியது. அவர் தலை வாரி, நல்ல சட்டை போட்டு, யன்னல் பக்கம் மேசையைத் துப்புரவாக்கி வைத்துக்கொண்டு இருந்தார். தாளை விரிப்பதற்கு இடம் செய்திருக்கிறார்.

முதலில் நல்ல செய்தியைச் சொன்னேன். துவக்கின் வகையைச் சொன்னேன், செய்த வருடத்தைச் சொன்னேன், மாறியிருந்த இலக்கங்களைச் சொன்னேன். யாரையும் சுட்டு எடுத்ததாக இருக்காது, சரணடைந்தவர்களின் குவியலில் எடுத்ததாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டார்.

"அவன் சமையல் பகுதியில் இருந்தவன். யாரையும் சுட்டிருக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். அம்மாதான் நம்பவில்லை" என்றார். பிறகு கையை நீட்டினார். "தாள் எங்கே?"

சொன்னேன். நானே தேய்த்து அழித்துவிட்டேன் என்று சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. பென்சிலால் தேய்த்ததைச் சொல்கிறேன் என்று நினைத்தார். இல்லை, எழுத்தையே அழித்துவிட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு அண்ணாவைப் பற்றிச் சொன்னேன். ஆமி, அடுப்பு, மேசை, எல்லாவற்றையும் சொன்னேன். என் ஆங்கிலம் பாதியில் உடைந்துபோனது, தமிழும் கலந்துதான் சொன்னேன். அவர் ஒரு சொல் குறுக்கிடவில்லை. நான் முடித்தேன். வெளியில் தாழ்வாரத்தில் சாப்பாட்டு வண்டி போகிற சத்தம் கேட்டது.

"எனக்கு உன்மேல் கோபம்" என்றார். "பெரிய கோபம். அதைப் பிறகு பார்ப்போம். இப்போது சொல். அவன் என்ன எழுதியிருந்தான்?"

நான் விழித்தேன். "அது உங்களுக்குத் தெரியுமே."

"தெரிந்திருந்தால் உன்னை ஏன் கேட்கிறேன்?" என்றார். "பேஸ்மன்றுக்கு நான் இறங்கி ஒன்பது வருடம். ஞாபகத்திலிருந்து முதலில் கடைசிச் சொல் போனது. பிறகு நடுவில் ஒன்று போனது. பிள்ளையாக இருந்தபோது அவன் என்னைக் கூப்பிடுகிற செல்லப் பேர் தொடக்கத்தில் இருந்தது, அந்தப் பேரும் போய்விட்டது. இருந்து இருந்து யோசிக்கிறேன், வருவதில்லை. அதனால்தான் அந்தத் தாள் வேண்டும் என்றேன்."

நான் வாசிக்கவில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. நீ எவ்வளவு நேரம் தேய்த்தாய் என்று கேட்டார். இரண்டு மணி நேரம் என்றேன்.

"இரண்டு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய். கண்ணில் பட்டிருக்கும். உனக்குள் எங்கேயாவது இருக்கும். யோசித்துப் பார்" என்றார். குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "அவசரம் இல்லை. நான் இங்கேதான் இருக்கிறேன்."

இது நடந்து ஏழு மாதமாகிறது. ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். கதவுச் சத்தம் கேட்டதும் முகத்தை என் பக்கம் திருப்புகிறார். சுகம் விசாரிப்பதில்லை, வேறு கதை இல்லை. ஞாபகம் வந்ததா என்று கேட்கிறார். வீட்டிலும் வேலையிலும் கண்ணை மூடி அந்த மரத்தைப் பார்க்கிறேன். சாண்ட்பேப்பர் தெரிகிறது, என் விரல் தெரிகிறது, மரத்தூள் தெரிகிறது. ஒரு வசனத்தை இட்டுக்கட்டிச் சொல்ல எனக்கு எத்தனை நிமிடம் வேண்டும்? சில ஞாயிறுகளில் அது நாக்கு நுனிவரை வந்திருக்கிறது. அந்தப் பெடியன் சொல்லாத ஒன்றை அவன் சொன்னதாக என்னால் சொல்ல முடியவில்லை. போன கிழமை அவருக்குக் காய்ச்சல், படுக்கையை விட்டு எழும்பவில்லை. நான் வந்தது தெரியாது என்று நினைத்துச் சத்தமில்லாமல் கதிரையை இழுத்துப் போட்டேன். கண்ணைத் திறவாமலே கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.